ரிப்பீட்டர் ஓய்ந்த பிறகு: தூத்துக்குடிக் கடற்கரையில் நேரடி வானொலி

புன்னைக்காயலில் ஒருவர், பழையகாயலில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தேர்வெழுதி உரிமம் வாங்கிய அமெச்சூர் வானொலியாளர்கள், அதாவது ஹாம்கள். கையில் இருக்கும் வாக்கி-டாக்கியில் மின்கலம் நிறைந்திருக்கிறது. நடுவே தாமிரபரணி கடலில் சேரும் சதுப்பும் உப்பளமும் தவிர மலையோ மாடிக் கட்டடமோ இல்லை. ஆனாலும் ஒருவர் கூப்பிடுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. கருவியில் எந்தப் பழுதும் கிடையாது. இருவரும் தங்கள் கருவியை, மலைமேல் இருந்து குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டருக்காக மட்டுமே அமைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு அலைவரிசையில் அனுப்பி, அதிலிருந்து 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் கேட்பது அந்த அமைப்பு. ரிப்பீட்டர் ஓய்ந்ததும் இருவரும் ஒரே அலைவரிசையில் பேசுகிறார்கள், ஒரே அலைவரிசையில் காத்திருக்கிறார்கள், ஆனால் பேசுவதும் காத்திருப்பதும் வேறு வேறு அலைவரிசை. இரண்டு பொத்தான்களை அழுத்தி அந்த இடைவெளியை நீக்கியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்போலப் பேசியிருக்கலாம்.

பேரிடர் வானொலி பற்றிய விவாதத்தில் பாதி இந்த இரண்டு பொத்தான்களில் அடங்கிவிடும் என்பது என் கருத்து. மீதிப் பாதி உயரம், கம்பி, மின்சாரம், மனிதர்கள், சட்டம் ஆகியவற்றைப் பற்றியது. தூத்துக்குடிக் கடற்கரையை வைத்து இந்த முழுக் கேள்வியையும் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. ரிப்பீட்டர் இல்லாமல், இணையம் இல்லாமல், கைபேசிக் கோபுரம் இல்லாமல், ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு நேராகப் பேச வேண்டி வந்தால் இந்தக் கரையில் எது நடக்கும், எது நடக்காது?

இந்தக் கரையில் இது கற்பனைக் கேள்வி அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழையும் அதற்கு மேலும் ஒரே நாளில் இறங்கியது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை தாண்டியது. ஏரலும் ஆத்தூரும் ஸ்ரீவைகுண்டமும் சுற்றுக் கிராமங்களும் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த சரளையை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. சுமார் 800 பயணிகள் அந்த ரயிலில் இருந்தனர். முதலில் ஒரு பகுதியினர் வெளியேற்றப்பட்டனர். மற்றவர்கள் ரயிலிலும் நிலையத்திலுமாக இரண்டு நாள் காத்திருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்ததைச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மின்சாரம் போனது, கைபேசிகள் பல இடங்களில் அடங்கின. வெளியூரில் இருந்த பிள்ளைகள் தாய் தகப்பன் குரலைக் கேட்க நாள்கணக்கில் தவித்ததை இந்த மாவட்டத்தில் மறந்தவர் இல்லை.

அதற்கு முன்பு 1964. டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. தந்தியும் தொலைபேசியும் அறுந்திருந்ததால் நடந்தது என்ன என்று வெளியுலகுக்குத் தெரியவே நேரமானது. இரண்டு பேரிடர்களுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். தந்திக் கம்பத்தின் இடத்தைக் கைபேசிக் கோபுரம் பிடித்துவிட்டது. இருந்தும் முதல் இருபத்துநான்கு மணி நேரத்தின் மௌனம் அப்படியே இருந்தது.

அந்த மௌனத்தை உடைக்க ஹாம்களால் முடியும் என்பதற்கு நம் கடல்பகுதியிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பரில் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று அந்தமானில் இருந்தது. அங்கே அமெச்சூர் ஒலிபரப்புக்கு நீண்ட காலமாக அனுமதி இல்லாதிருந்து, பெரும் முயற்சிக்குப் பிறகு கிடைத்த வாய்ப்பு அது. உலக ஹாம்களோடு பொழுதுபோக்காகத் தொடர்பு ஏற்படுத்துவதுதான் அவர்கள் நோக்கம். குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பாரதி பிரசாத். அவருடைய அழைப்புக்குறி வி.யு.4 ஆர்.பி.ஐ. டிசம்பர் 26 காலை நிலம் அதிர்ந்து, சுனாமி வந்து, தொலைபேசிகள் செத்தபோது போர்ட் பிளேரிலிருந்து வெளியே கேட்ட குரல்களில் அவருடையதும் ஒன்று. சிற்றலையில், 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், நேராக நாட்டின் பெருநிலப்பரப்புக்குப் பேசினார். அந்த இணைப்பில் ரிப்பீட்டர் எதுவும் இல்லை. அதே வாரம் இலங்கையில், விக்டர் குணத்திலக்க தலைமையிலான இலங்கை வானொலிச் சங்கத்து ஹாம்கள் சிற்றலைக் கருவிகளை எடுத்துக்கொண்டு அம்பாந்தோட்டைக்குப் போய், அங்கிருந்து கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்குத் தொடர்பு கொடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க நாட்டில் நடந்தது இது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். இரண்டிலும் வேலை செய்தது தொலைதூரச் சிற்றலை. தீவிலிருந்து தலைநகருக்கு, கடலோர நகரிலிருந்து அரசு அலுவலகத்துக்கு. ஆனால் 2023இல் நம் மாவட்டத்துக்குத் தேவைப்பட்டது இன்னொன்றும்கூட: ஏரலிலிருந்து தூத்துக்குடிக்கு, காயல்பட்டினத்திலிருந்து திருச்செந்தூருக்கு, அதாவது பத்து முதல் நாற்பது கிலோமீட்டருக்குள் பேசும் வழி. ஹாம்கள் இந்தத் தூரத்துக்குத்தான் ரிப்பீட்டரை முழுக்க நம்பியிருக்கிறார்கள். அதனால் பலவீனமும் இங்கேதான்.

ரிப்பீட்டரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. கொடைக்கானல், ஏற்காடு போன்ற உயரங்களில் அதை நிறுவிப் பராமரிக்கிறவர்கள் சொந்தக் காசையும் ஓய்வு நேரத்தையும் செலவிடுகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு ஆன்டெனா இருந்தால் அதன் வானொலித் தொடுவானம் ஏறத்தாழ 190 கி.மீ. தூத்துக்குடி கொடைக்கானலிலிருந்து நேர்கோட்டில் 180 கி.மீ. அருகில் வருகிறது. கணக்கில் உள்ளே இருக்கிறோம், ஆனால் விளிம்பில். நல்ல நாளில் மாடியில் நின்று பேசலாம். மழைநாளில், மின்சாரம் இல்லாத வீட்டுக்குள்ளிருந்து, கையடக்கக் கருவியின் ரப்பர் ஆன்டெனாவால் அந்த விளிம்பைத் தொட முடியுமா என்பது சந்தேகம். மலைமேல் இடி விழலாம், கம்பம் சாயலாம், மின்கலம் தீரலாம். பழுது பார்க்க ஏறிப்போகும் சாலையிலேயே மண்சரிவு இருக்கலாம். எல்லாரும் ஒரே ஒரு பெட்டியின் வழியாகப் பேசினால் அந்தப் பெட்டி ஓய்ந்ததும் எல்லாரும் ஓய்கிறோம். பரபரப்பான நேரத்தில் அது வேலை செய்தாலும், ஒரு சமயத்தில் ஒருவரே அதில் பேச முடியும். நேரடித் தொடர்பில் வேம்பார் பக்கம் ஒரு உரையாடலும் மணப்பாடு பக்கம் இன்னொன்றும் ஒன்றையொன்று தொடாமல் நடக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் பட்டையில் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவை மிகச் சிறிதே தழுவும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு முனைகளின் தொடுவானத்தையும் கூட்டினால் அவை ஒன்றையொன்று பார்க்கும் எல்லை. தரையில் நின்று கையில் பிடித்துப் பேசும் இருவருக்கு இது பத்து கிலோமீட்டர். அதுவும் திறந்தவெளியில். தெருவுக்குள், மரங்களுக்கு நடுவே, இரண்டு மூன்று கிலோமீட்டரே மிச்சமாகும். இருவரும் பத்து மீட்டர் உயரத்தில், அதாவது மூன்றாவது மாடி மொட்டைமாடியில், ஆன்டெனா வைத்தால் எல்லை 26 கி.மீ. ஆகிறது. தூத்துக்குடி நகரிலிருந்து காயல்பட்டினம் நேர்கோட்டில் அவ்வளவுதான். ஒரு முனை முப்பது மீட்டருக்கு ஏறினால் எல்லை 35 கி.மீ. தாண்டும், திருச்செந்தூர் உள்ளே வந்துவிடும். கருவியின் வாட்டைக் கூட்டுவதால் கிடைப்பதைவிட ஆன்டெனாவை ஒரு மாடி மேலே ஏற்றுவதால் கிடைப்பது அதிகம். ஹாம்கள் இதை நன்றாக அறிவார்கள். என்றாலும் முதலில் காசு போவது கருவிக்குத்தான்.

நம் கரைக்கு இதில் நல்லதும் கெட்டதும் உண்டு. தரை தட்டை, குறுக்கே மலை இல்லை. உப்பளங்களின் மேல் அலை தடையில்லாமல் ஓடும். மழை எவ்வளவு பெய்தாலும் இந்த அலைவரிசையை அது விழுங்குவதில்லை. தண்ணீர் புகுந்த இணைப்பியும் உப்புக்காற்றில் பச்சை பூத்த செம்பும்தான் விழுங்கும். கடலோரத்தில் கேபிள் முனைகளை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிப் புதிதாகப் பொருத்துவது செலவுபிடிக்கும் வேலை அல்ல, ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு. தட்டைத் தரையின் கெடுதல், ஏறி நிற்க இயற்கையான உயரம் கிடையாது என்பது. கடலைப் பார்த்தபடி தேவாலயமும் கலங்கரை விளக்கமும் நிற்கும் மணப்பாட்டு மேடும், குதிரைமொழித் தேரியின் செம்மணல் முகடுகளும் விதிவிலக்குகள். மற்றபடி மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூட மாடி, புயல் பாதுகாப்பு மையம், தேவாலயக் கோபுரம், பள்ளிவாசல் மினாரா, கோயில் மண்டப மாடி ஆகியவையே நமக்கு மலைகள். ஊரில் எல்லாச் சமயத்தாரின் உயரங்களும் வேண்டியிருக்கும் வேலை இது. அதைக் கேட்டு வாங்குவதற்கு மழைக்கு முன்பே போய் உட்கார்ந்து பேச வேண்டும்.

அந்த உயரங்களில் வைக்க வேண்டிய ஆன்டெனா ஒன்றும் பெரிதல்ல. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 49 செ.மீ. செங்குத்தாக ஒரு கம்பி, கீழே சாய்ந்த நான்கு கம்பிகள், நடுவில் ஒரு இணைப்பி. கேபிள் டி.வி. வேலை தெரிந்த பையன் ஒரு பிற்பகலில் செய்துவிடுவான். தூண்டில் மூங்கில் ஒன்றில் கட்டி நிமிர்த்தினால் போதும். கருவியோடு வரும் ரப்பர் ஆன்டெனாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, கேட்கவே கேட்காததற்கும் தெளிவாகக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு.

இந்தக் கரை இடையாள் இல்லாத தொடர்பை அறியாதது அல்ல. முத்துச் சலாபம் நடந்த காலத்தில், கடைசிப் பெரிய குளிப்பு 1961இல் முடியும் வரை, ஆழத்தில் இருந்தவருக்கும் தோணியில் நின்றவருக்கும் நடுவே ஒரு கயிறுதான் இருந்தது. கீழே இருப்பவர் ஆட்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அந்த உறவில் மூன்றாவது ஆள் இல்லை. நேரடி வானொலியின் இலக்கணமும் இதுவே. அந்த மரபின் பிள்ளைகள் இன்று கடலில் வைத்திருக்கும், இரண்டு மீட்டர் பட்டைக்கு அருகே இயங்கும் வி.எச்.எஃப். கருவிகளும் பெரும்பாலும் நேரடியாகவே பேசுகின்றன: படகுக்குப் படகு, படகிலிருந்து கரைக்கு. அபாய அழைப்புக்கான 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகெங்கும் நேரடி அலைவரிசை. திரேஸ்புரத்திலோ தருவைகுளத்திலோ இருக்கும் ஒரு படகோட்டி, யார் எவ்வளவு தூரத்தில் கேட்பார், எந்த இடத்தில் கம்பத்தை வைத்தால் இரைச்சல் குறையும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர். ஹாம் சங்கங்கள் ஆள் தேடும்போது நகரத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கே போகின்றன. மீனவர் குடியிருப்புகளுக்குப் போனால் பாதி பாடம் ஏற்கெனவே கற்றவர்கள் கிடைப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் நேரடி வி.எச்.எஃப்.பின் எல்லையையும் கடல் கொடூரமாகக் காட்டியிருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் உருவானபோது, கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் படகுகள் எப்போதோ கிளம்பிப் போயிருந்தன. கரையில் முப்பது மீட்டர்க் கம்பமும் படகில் ஐந்து மீட்டர்க் கம்பமும் இருந்தால் பார்வை எல்லை முப்பது கிலோமீட்டர் சொச்சம். அவர்கள் இருந்தது அதற்கு வெகு தொலைவில். கரையில் விடுத்த எச்சரிக்கை கடலில் இருந்தவர்களைத் தொடவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அந்தத் தூரத்துக்கு வேண்டியது சிற்றலை அல்லது செயற்கைக்கோள். வேறு எதுவும் உதவாது. அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வழி எச்சரிக்கைக் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கியது சரியான திசை.

கரையிலும் சிற்றலை இல்லாமல் முடியாது. தூத்துக்குடியிலிருந்து மதுரை 130 கி.மீ., சென்னை நேர்கோட்டில் 530 கி.மீ. இரண்டு மீட்டர் பட்டை அங்கே எட்டாது. ஏழு மெகாஹெர்ட்ஸில் ஒரு எளிய வித்தை இருக்கிறது. ஆன்டெனாவை வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டுவது. பக்கத்துக்குப் பத்து மீட்டராக மொத்தம் இருபது மீட்டர் கம்பியை, தரையிலிருந்து மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள், இரண்டு பனைமரங்களுக்கு நடுவே கட்டினால் அலை நேர்மேலே போகும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு, குடைபோலச் சுற்றிலும் சீராகக் கீழே இறங்கும். மதுரை, திருச்சி, திருவனந்தபுரம், கொழும்பு எல்லாம் அந்த வட்டத்துக்குள். நல்ல நேரத்தில் சென்னையும். இடையில் மலை இருந்தாலும் பரவாயில்லை. அலை மேலிருந்துதான் வருகிறது. தொலைதூர நாடுகளைப் பிடிக்க விரும்பும் ஹாம் தன் கம்பியை முடிந்த அளவு உயர்த்துவார். பேரிடரில் மாநிலத்துக்குள் பேச வேண்டியவர் தாழ்த்த வேண்டும். புயலில் சாய்வதற்குக் கம்பமே இல்லை என்பது கூடுதல் நன்மை.

பாடநூல்களில் இந்த வித்தையைப் படிக்கும்போது ஒரு திருத்தம் நம் ஊருக்குத் தேவை. அந்த நூல்கள் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. நாமோ பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம். தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததற்கும், திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் நடத்துவதற்கும் காரணம் அந்தக் கோடுதான். இங்கே சூரியன் அடைந்த பிறகு அயனி மண்டலத்தின் மேலடுக்கு சட்டென்று உயர்ந்து, சில இரவுகளில் துண்டு துண்டாகக் கலைகிறது. அப்படிக் கலைந்த இரவில் குரல் நடுங்கி, தேய்ந்து, எழுத்துப் பிரியாமல் வரும். மத்தியானத்தில் 3.5 மெகாஹெர்ட்ஸ் அலையை வெப்பமண்டலத்துக் கீழடுக்கு விழுங்கிவிடும். ஆகவே பகலில் ஏழு மெகாஹெர்ட்ஸ், இரவு முற்றியதும் மூன்றரை. அந்தி மயங்கும் நேரத்தில் முக்கியச் செய்தியை நம்பி வைக்காமல் அதற்கு முன்பே அனுப்பிவிடுவது. வடகிழக்குப் பருவமழையின் மின்னல் இரைச்சல் இதற்கு மேல். அந்த இரைச்சலில் பேச்சைவிட மோர்ஸ் நன்றாக ஊடுருவும், கணினி வழிக் குறுஞ்செய்தி முறைகள் அதைவிட நன்றாக. ஆசிய-பசிபிக் பகுதியில் பேரிடர்த் தொடர்புக்கெனச் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் பரிந்துரைக்கும் மைய அலைவரிசைகள் 3.600, 7.110, 14.300 ஆகியவற்றில் தொடங்குகின்றன. முதல் இரண்டும் மேலே சொன்ன இரவு, பகல் கணக்குக்குப் பொருந்துகின்றன.

சிறப்பான சில வானிலை நாட்களில் மன்னார் வளைகுடாவின் மேல் வெப்பக்காற்று அடுக்காகப் படிந்து, இரண்டு மீட்டர் அலையே ஏறத்தாழ 280 கி.மீ. தொலைவிலுள்ள கொழும்புவரை வழுக்கிக்கொண்டு போகக்கூடும். அனுபவிக்க வேண்டிய அதிசயம் அது. புயல் காற்று அந்த அடுக்கைக் கலக்கிவிடும் என்பதால் பேரிடர்த் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

மின்சாரத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் இன்வெர்ட்டரோடு இருக்கும் 150 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றே, நூறு வாட் சிற்றலைக் கருவியைப் பத்தில் ஒரு பங்கு நேரம் பேசவும் மீதி நேரம் கேட்கவும் வைத்தால், பாதி தீர்வதற்குள் ஒரு நாள் ஓட்டும். ஆனால் அது பெரும்பாலும் தரையில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. காயல்பட்டினத்தில் தண்ணீர் முதலில் வந்த இடம் அதுதான்.

மனிதர்கள் விஷயத்தில்தான் நேரடித் தொடர்பு உண்மையில் கடினம். ரிப்பீட்டரில் எல்லாரும் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். நேரடியில் வேம்பாரில் இருப்பவருக்குத் தருவைகுளம் கேட்கும், தருவைகுளத்துக்குத் தூத்துக்குடி கேட்கும், ஆனால் வேம்பாருக்குத் தூத்துக்குடி கேட்காது. ஆகவே இடையில் இருப்பவர் செய்தியை வாங்கி, எழுதி, திருப்பிப் படித்துச் சரிபார்த்து, அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். இயந்திரம் செய்த வேலை இப்போது மனிதர் செய்வது. பிழை புகும் இடமும் இதுவே. இரைச்சலுக்கு நடுவே பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் மூன்றையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும். எஞ்சிக் கேட்பது காயல் மட்டுமே. படகு தவறான ஊருக்குப் போகும். ஒவ்வொரு ஊருக்கும் முன்கூட்டியே ஒரு எண் கொடுத்து, பெயரையும் எண்ணையும் சேர்த்துச் சொல்வது நல்லது. பதினேழு பேர் என்றால் ‘ஒன்று, ஏழு’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். செய்திக்கு வரிசை எண், நேரம், அனுப்பியவர் பெயர் வேண்டும். யார் எப்போது பேசலாம் என்று ஒருவர் நெறிப்படுத்த வேண்டும். மற்றவர்கள் அவர் கூப்பிடும்வரை வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். கேட்பதுதான் இதில் கற்றுக்கொள்ள நாள் எடுக்கும் கலை. உதவத் துடிக்கும் நல்ல மனம் பேசிக்கொண்டே இருந்தால், உயிர் போகும் இடத்திலிருந்து வரும் மெல்லிய குரல் அடிபட்டுப் போகும்.

செயற்கைக்கோள் தொலைபேசி வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி. மாவட்ட நிர்வாகத்திடமும் மீட்புப் படையிடமும் அவை இருக்க வேண்டும், சந்தேகமே இல்லை. காவல்துறைக்குத் தனி வானொலி வலையும் உண்டு. ஹாம்கள் இவற்றுக்கு மாற்று அல்ல. ஆனால் செயற்கைக்கோள் தொலைபேசி இருவருக்கு இடையில் மட்டும் பேசுவது. அது எத்தனை கிராமத்தில் இருக்கப்போகிறது? நேரடி வானொலியில் ஒருவர் சொன்னதைப் பத்து ஊரும் ஒரே நேரத்தில் கேட்கும். ஆற்றின் மேற்கே உடைப்பு என்று ஸ்ரீவைகுண்டத்தில் ஒருவர் சொன்னால், கீழே ஏரலிலும் ஆத்தூரிலும் இருப்பவர் யாரும் தனியாகத் தொலைபேசாமலே எச்சரிக்கை பெறுகிறார்கள். ஆற்றோரம் வரிசையாக அமைந்த ஊர்களுக்கு இந்தக் குணம் எல்லாவற்றையும்விட மதிப்பு வாய்ந்தது. இஸ்ரோ 2005 மே மாதம் விண்ணில் ஏற்றிய ஹாம்சாட், 42.5 கிலோ எடையுள்ள சிறு கோள், ஹாம்களுக்கென்றே வானத்தில் ஒரு ரிப்பீட்டராகப் பல ஆண்டுகள் உழைத்தது. அதுபோன்றவை மீண்டும் வர வேண்டும். அவையும் இடையாள்தான் என்பதை மறக்காமல் வரட்டும்.

சட்டப்பக்கம் தெளிவு தேவை. இந்தியாவில் அமெச்சூர் சேவை 1978ஆம் ஆண்டு விதிகளின் கீழ் நடக்கிறது. பன்னிரண்டு வயது நிறைந்த எவரும் மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதலாம். முதல் நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. 2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு, பேரிடரில் மூன்றாம் நபருக்காக ஹாம்கள் நாடு கடந்து செய்தி கொண்டுபோகலாம் என்பதையும், அதற்கான பயிற்சியை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்பதையும் சர்வதேச விதிகளில் சேர்த்தது. ஆக வழி திறந்தே இருக்கிறது. அதே சமயம், மலிவாகக் கிடைக்கும் கைக்கருவியை இணையத்தில் வாங்கி வந்து உரிமமில்லாமல் பேசுவது குற்றம். மீட்புப் பணியின் அலைவரிசையை அறியாமல் மறிப்பது ஆபத்தும்கூட. எல்லைக் கடற்கரை இது. துறைமுகமும், அனல்மின் நிலையமும், குலசேகரன்பட்டினத்தில் எழும் ஏவுதளமும் உள்ள இடம். புயல் நடுவில் ஆன்டெனாவோடு ஒருவர் மாடியேறினால் பாதுகாப்புப் படையினர் கேள்வி கேட்பது இயல்பு. அந்த நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. யார், எந்த ஊரில், எந்த அழைப்புக்குறியோடு பணியில் இருப்பார் என்ற பட்டியல் ஆட்சியர் அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையங்களிலும் முன்பே இருக்க வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்தக் கரைக்கு ஒரு வடிவம் தெரிகிறது. வேம்பாரிலிருந்து பெரியதாழைவரை சுமார் 160 கி.மீ. கடற்கரை. வேம்பார், கீழவைப்பார், தருவைகுளம், தூத்துக்குடி, பழையகாயல், காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு, பெரியதாழை ஆகியவற்றில் ஒவ்வொரு நிலையம். ஆற்றோரமாக ஆத்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றிலும் பத்து மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனா, தண்ணீர் எட்டாத உயரத்தில் ஒரு மின்கலம், உரிமம் உள்ள இருவர். இருவர் ஏன் என்றால் ஒருவர் தூங்க வேண்டும். தூத்துக்குடியிலும் திருச்செந்தூரிலும் மட்டும் தாழ்வான ஏழு மெகாஹெர்ட்ஸ் கம்பி, சென்னையில் எழிலகத்து மாநில நெருக்கடிக்கால மையத்தோடு பேச. இதில் அரசின் பெரும் பணம் தேவைப்படும் பகுதி எதுவும் இல்லை.

பட்டியல் போடுவதைவிட அளந்து பார்ப்பது முக்கியம். 26 கி.மீ. என்று சூத்திரம் சொல்லும். எதிரே ஒரு காற்றாலைக் கூட்டமோ பனங்காடோ இருந்தால் அது பதினெட்டாகச் சுருங்கலாம். இடையில் உப்பளம் மட்டும் இருந்தால் முப்பதாக நீளலாம். ஆகவே ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில், மழை தொடங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிப்பீட்டரை யாரும் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணையையும் கூப்பிட்டு, எது எதற்குக் கேட்கிறது என்று ஒரு கட்டத்தாளில் நிரப்ப வேண்டும். கேட்காத கட்டங்களுக்கு நடுவே யார் இடைநிலையாக நிற்பது என்று அன்றே முடிவு செய்யலாம். இரண்டாவது சுற்றில் மாடி ஆன்டெனாவையும் கழற்றிவிட்டுக் கைக்கருவியோடு மட்டும் இதே வேலை. மூன்றாவது சுற்று இருட்டிய பிறகு, மின்விளக்கை அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் செய்தி எழுதி. அந்தத் தாளின் ஒரு நகல் தாலுகா அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும், ஒன்று ஒவ்வொரு நிலையத்திலும் நெகிழி உறைக்குள் கருவியோடு கட்டப்பட வேண்டும். முதல் ஆண்டுத் தாளில் காலிக் கட்டங்கள் நிறைய இருக்கும். அவற்றில் முதலில் நிரப்ப வேண்டியவை ஆத்தூருக்கும் ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடைப்பட்டவை.